முப்பாட்டனாரின் பெயர் என்ன?

உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதமாகிய நவம்பரில் நம் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கின்றன. புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தி கொளுத்தி, குருவானவர் தீர்த்தம் தெளித்துச் செல்லும்வரை காத்து நிற்கின்றன. தந்தையின் கல்லறை எது என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டனாரின் கல்லறையும் பெரும்பாலும் தெரியும். பாட்டனாரின் தந்தை எங்கே அடக்கமானார் என்று கேட்டால், "அந்த வேப்பமரத்துப் பக்கம் எங்கேயோ என்பார்கள்" என்ற விடை வரும். அவருடைய பெயர் என்ன என்று கேட்டாலோ, பல வீடுகளில் எந்த விடையும் வருவதில்லை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, பஞ்சத்தையும் வாந்திபேதியையும் தாண்டி, பிள்ளைகளைத் திருமுழுக்குத் தொட்டிக்குத் தூக்கிச் சென்றவர்களின் விசுவாசமே இன்று நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிறது. அவர்களின் பெயரையேனும் அறிந்து மன்றாடுவது நம் கடமையன்றோ? "படிப்பறிவில்லாத ஏழைகள், அவர்களைப் பற்றி எங்கே எழுதி வைத்திருப்பார்கள்?" என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் முழுவதும் சரியன்று. எழுதியவர்கள் இருந்தார்கள். பங்குக்குரு எழுதினார், கணக்கர் எழுதினார், பத்திர எழுத்தர் எழுதினார். அவர்கள் எழுதியவற்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்பதை ஒழுங்காகக் காண்போம்.

விசுவாசத்தின் தந்தையாகிய ஆபிரகாமுக்குக் கானான் நாட்டில் சொந்தமான முதல் நிலம் ஒரு கல்லறை நிலமே. சாரா இறந்தபோது, எப்ரோன் என்பவரிடம் நானூறு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஊர் வாயிலில் கூடியிருந்தவர்களின் முன்னிலையில், நிலமும் குகையும் எல்லைக்குள் நின்ற மரங்களும் உட்பட மக்பேலாவை அவர் வாங்கினார் என்று தொடக்க நூல் கூறுகிறது. இன்றைய கிரயப் பத்திரத்தில் காணும் விலை, எல்லை, சாட்சி ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில் எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்தில் ஒரு நிலத்தை வாங்கி, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் இட்டுப் பாதுகாக்கச் சொன்னார். நாடுகடத்தலிலிருந்து திரும்பியவர்களுள் தம் தலைமுறைப் பதிவைக் காட்ட முடியாத குருக்கள், பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதை எஸ்ரா நூல் கூறுகிறது. பதிவு காணாமற்போவது பெரிய இழப்பு என்பதை இறைமக்கள் பண்டைக்காலத்திலேயே அறிந்திருந்தனர்.

தேடலை வீட்டில் தொடங்குக

தேடலின் முதற்படி பங்கு அலுவலகம் அன்று, வீட்டுத் திண்ணை. குடும்பத்தில் மூத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களை அமர வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெயர்களை மட்டும் கேட்டால் போதாது. எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள், எந்தக் கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிச் சென்றார்கள், யாரை "பங்காளி" என்றும் யாரை "மாமன் மச்சான்" என்றும் அழைத்தார்கள் என்று கேட்க வேண்டும். உறவுமுறைச் சொற்களே ஒரு பதிவேடு. "அவர் எங்களுக்குப் பெரியப்பா முறை" என்று பாட்டி சொல்லும்போது, இரண்டு தலைமுறைக்கு முன் உடன்பிறந்த இருவர் இருந்தனர் என்பது வெளிப்படுகிறது.

அடுத்தது பழைய பெட்டி. அதில் முத்திரைத்தாள் நகல், தீர்வை இரசீது, உறுதிபூசுதல் அட்டை, பழைய செபப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதிய பிறந்த நாள் குறிப்பு என ஏதேனும் ஒன்று கிடைக்கும். அறிந்ததிலிருந்து அறியாததற்கு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புகழ்பெற்ற ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவரிடமிருந்து நமக்குக் கோடு இழுக்க முயல்வோர், இல்லாத முன்னோரையே கண்டடைவர்.

கோயில் கணக்குகள்

திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில் திருமணங்களையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பங்குக்குரு புத்தகத்தில் எழுதிவர வேண்டுமென்று கட்டளையிட்டது. 1614-இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், பங்குகளில் ஐந்து புத்தகங்கள் இருக்க வேண்டுமென வகுத்தது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, குடும்பவாரியான ஆன்மாக்களின் நிலை ஆகியவை அவை. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதியும் பங்குப் பதிவேடுகளைக் கட்டாயமாக்குவதோடு, பழைய பதிவேடுகளைக் கவனமாகப் பேண வேண்டுமென்றும் சொல்கிறது.

சென்னை மாகாணத்தில் ஊர்ப்புறப் பிறப்பு இறப்புகளைப் பதிவதற்கான சட்டம் 1899-இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஏழை உழவரின் பிறப்பைப் பெயரோடும் பெற்றோரோடும் எழுதி வைத்த புத்தகம் பெரும்பாலும் கோயில் புத்தகம் ஒன்றே.

இப்புத்தகங்களைப் படிக்கச் சிறிது பயிற்சி வேண்டும். இலத்தீனிலும், சில இடங்களில் போர்த்துக்கேயத்திலும் பிரெஞ்சிலும் தமிழிலும் அவை எழுதப்பட்டன. அடிக்கடி வரும் இலத்தீன் சொற்கள் சிலவே. 'பாப்திசாவி' என்றால் 'நான் திருமுழுக்குக் கொடுத்தேன்', 'பாத்ரினுஸ்' ஞானத்தந்தை, 'உக்ஸோர்' மனைவி, 'விதுவா' கைம்பெண், 'செபுல்த்துஸ்' அடக்கம் செய்யப்பட்டவர். மாதத்தைக் குறிக்க 7, 8, 9, 10 என்ற எண்களோடு 'பிரிஸ்' என்ற விகுதியைச் சேர்த்திருப்பதைக் கண்டு, ஜூலை, ஆகஸ்டு என்று எண்ணிவிடக் கூடாது. செப்டம்பர் என்ற சொல்லில் ஏழும் அக்டோபரில் எட்டும் நவம்பரில் ஒன்பதும் டிசம்பரில் பத்தும் மறைந்திருப்பதால் வந்த சுருக்கெழுத்து அது.

பெயரிலும் இத்தகைய புதிர் உண்டு. வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் பெத்ருஸ் ஆவார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், யாகப்பன் யாக்கோபுஸ், சவரிமுத்து சவேரியுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், தேவசகாயம் லாசருஸ். ஒரே மனிதர் திருமுழுக்கில் இலத்தீன் பெயரோடும், பத்திரத்தில் தமிழ்ப் பெயரோடும், ஊராரின் வாயில் பட்டப்பெயரோடும் மூவராக நிற்பார். பெயர் சில வேளைகளில் காலத்தையும் காட்டும். 1858-ஆம் ஆண்டுக் காட்சிகளுக்குப் பின்னரே 'லூர்து' நம் மக்களிடையே பெயராயிற்று. முதற்பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடும் வழக்கத்தால், தலைமுறை விட்டுத் தலைமுறை அதே பெயர் திரும்பி வருவதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பாட்டனாரையும் பேரனையும் ஒருவராக்கி எழுதிய குடும்ப வரலாறுகள் உண்டு.

"எங்கள் கோயிலில் அந்த ஆண்டுகளுக்குப் பதிவே இல்லை" என்று மனம் தளர்வோருக்கு இரண்டு செய்திகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பகுதிகளில் கோவாவைச் சார்ந்த போர்த்துக்கேய உரிமைக் குருக்களும், உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயத்தைச் சார்ந்த குருக்களும் ஒரே ஊரில் வெவ்வேறு கோயில்களில் பணியாற்றினர். 1838 முதல் 1886-இல் நேர்ந்த உடன்படிக்கை வரை இப்பூசல் கடுமையாக இருந்தது. ஒரு குடும்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறினால், அதன் பிள்ளைகளின் திருமுழுக்குகளும் மறுகோயில் புத்தகத்திற்கு மாறின. இரண்டாவதாக, மறைமாவட்ட எல்லைகள் பன்முறை மாறியுள்ளன. கும்பகோணம் 1899-இலும், தூத்துக்குடி 1923-இலும், மதுரை 1938-இலும், பாளையங்கோட்டை 1973-இலும், சிவகங்கை 1987-இலும், திண்டுக்கல் 2003-இலும் தனி மறைமாவட்டங்களாயின. இன்றைய பங்கு அன்று எந்தத் தாய்ப்பங்கின் கிளையாக இருந்தது என்பதை முதலில் அறிந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

திருமணப் பக்கத்தின் ஓரத்தில்

திருமணப் பதிவேட்டை வெறும் தேதிக்காகப் பார்த்துவிட்டு மூடுவோர் பெரும்பொருளை இழப்பர். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம் மக்களின் வழக்கம். திருச்சபையிலோ நெருங்கிய இரத்த உறவு திருமணத்திற்குத் தடை. 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம் இத்தடையை நான்காம் படிவரை நிறுத்தியது. 1918-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுப்பு அதை மூன்றாம் படியாகக் குறைத்தது. ஆகவே விதிவிலக்குக் கேட்கும்போது, மணமக்கள் இருவரும் எந்தப் பொது முன்னோரின் வழித்தோன்றல்கள் என்பதைக் குரு விசாரித்து எழுத வேண்டியிருந்தது. சில இடங்களில் ஓரத்தில் ஒரு சிறு வரைபடமே இருக்கும். மூன்று முறை ஓலை வாசித்த குறிப்பு, சாட்சிகளின் பெயர்கள், மணமகளின் சொந்த ஊர் என்பனவும் கிடைக்கும். பெண்கள் பிறந்த வீட்டின் வரலாறு வேறெங்கும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

அடக்கப் பதிவேடு

கல்லறைக் கல் எல்லாருக்கும் அமைந்ததில்லை. ஏழைக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். அவை இரண்டு மழைக்காலத்தில் மறைந்துவிடும். அதே இடத்தில் மற்றொருவரை அடக்குவதும் உண்டு. எனவே முன்னோரின் கல்லறையைத் தோட்டத்தில் தேடுவதினும் புத்தகத்தில் தேடுவதே பயன் தரும். இறந்தவரின் பெயர், தந்தை அல்லது கணவரின் பெயர், வயது, அடக்க நாள், பெற்ற அருட்சாதனங்கள் ஆகியவை அதில் இருக்கும். பாவசங்கீர்த்தனம், நன்மை, அவஸ்தைப்பூசுதல் ஆகிய மூன்றும் பெற்றார் என்ற குறிப்பு, அந்த மரணம் நோயுற்றுக் கிடந்து நேர்ந்தது என்பதைக் காட்டும். அருட்சாதனம் பெறாமல் திடீரென இறந்தார் என்ற குறிப்பு, பாம்புக் கடியையோ விபத்தையோ, சில மணி நேரத்தில் உயிரைக் குடித்த வாந்திபேதியையோ நினைவூட்டும்.

அக்காலக் குரு ஒருவரின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. அவர் வர இயலாதபோது உபதேசியாரே செபம் சொல்லி அடக்கம் செய்து, பின்னர் குருவிடம் அறிவித்தார். ஆகவே எழுதிய நாளும் இறந்த நாளும் வேறுபடலாம். வயதும் 40, 50, 60 என்று முழு எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். அது உற்றார் சொன்ன உத்தேசம்.

1876-இல் மழை பொய்த்துத் தொடங்கிய கொடும்பஞ்சத்தைத் 'தாது வருடப் பஞ்சம்' என்று நம் முதியோர் சொல்வர். அதற்கடுத்த ஈஸ்வர வருடத்தில்தான் சாவு மிகுந்தது. 1877-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டுவோர், ஒரே வீட்டுப் பெயர் சில வாரங்களுக்குள் மூன்று நான்கு முறை வருவதைக் காணக்கூடும். அத்தகைய பக்கத்தின் முன் ஆராய்ச்சியாளராக அன்று, பிள்ளைகளாக நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டே அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

குடிக்கணக்கு என்ன தரும், என்ன தராது

இங்கிலாந்தில் 1841 முதல் வீடு வீடாக எழுதிய குடிக்கணக்குத் தாள்கள் பேணப்பட்டு, நூறு ஆண்டுகள் கடந்தபின் மக்களின் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. அங்குள்ளவர் தம் கொள்ளுப்பாட்டனாரின் வீட்டில் யார் யார் இருந்தனர் என்பதை ஒரே தாளில் காணலாம். அதைக் கேள்வியுற்ற நம் இளைஞர் சிலர், இங்கும் அவ்வாறு காண விழைகின்றனர். இங்கே நிலை வேறு.

சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊர்க் கணக்கர்களைக் கொண்டு மக்களை எண்ணினர். 1871-இல் விரிவான கணக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதும் ஒரே இரவை வைத்து எண்ணிய முதற்கணக்கு 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாளுக்குரியது. எண்ணிக்கைகளைத் தொகுத்து அச்சிட்டபின், வீட்டுவாரித் தாள்கள் அழிக்கப்பட்டன. ஆகவே அக்கணக்குகளில் நம் முப்பாட்டனாரின் பெயர் கிடைக்காது. 1948-ஆம் ஆண்டின் சட்டப்படி இன்றைய கணக்கெடுப்புத் தாள்களும் தனியார் பார்வைக்கு உரியவையல்ல.

எனினும் அச்சிட்ட தொகுப்புகள் பயனற்றவையல்ல. ஒரு வட்டத்தில் எத்தனை வீடுகள், எத்தனை மக்கள், எந்தெந்தத் தொழில், எந்தெந்தச் சமயம் என்பவற்றை அவை சொல்லும். சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. இடையே நேர்ந்தது பஞ்சம். சாவும் ஊர்விட்டு ஊர் பெயர்தலும் சேர்ந்து செய்த வேலை அது. இந்த எண்ணை அறிந்தபின், கோயில் பதிவேட்டில் ஒரு குடும்பம் திடீரெனக் காணாமற்போவதன் பொருள் விளங்கும்.

அயர்லாந்து நாட்டின் கதையும் நமக்குப் பாடமாகும். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிக்கணக்குத் தாள்களுள் பெரும்பகுதியை, பயன் முடிந்ததென்று அரசே அழித்தது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை 1922-இல் டப்ளின் ஆவணக்காப்பகத்தில் பற்றிய தீயில் அழிந்தன. இன்று ஐரிஷ் கத்தோலிக்கர் தம் முன்னோரைக் காண்பது, பங்குக்குருக்கள் எழுதிய திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் வழியாகவே. அவற்றின் படச்சுருள்களை அந்நாட்டுத் தேசிய நூலகம் 2015-இல் எல்லாரும் காணுமாறு இணையத்தில் வெளியிட்டது.

பத்திரங்கள் காட்டும் உறவு

பத்திரப் பதிவுச் சட்டம் 1864-இல் வந்தது. பின் 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளில் திருத்தி இயற்றப்பட்டு, 1908-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. சார்பதிவாளர் அலுவலகத்தின் முதற்புத்தகத்தில் நிலம், வீடு பற்றிய பத்திரங்களும், மூன்றாம் புத்தகத்தில் உயில்களும் படியெடுக்கப்பட்டுள்ளன. முதற்புத்தகத்தையும் அதற்குரிய அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். ஓர் அட்டவணை ஆட்களின் பெயர்ப்படியும், மற்றொன்று சொத்தின் ஊர்ப்படியும் அமைந்தவை. கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அண்மைக்காலத்தை மட்டுமே தொடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் ஆகியோரின் தந்தை பெயர், ஊர், மதம், தொழில் யாவும் வரும். நான்கெல்லை கூறும்போது பக்கத்து நிலத்துக்காரரின் பெயர் வரும்; அவர் பெரும்பாலும் பங்காளி. பாகப்பிரிவினைப் பத்திரமோ ஒரு குடும்ப மரத்தையே வேரோடும் கிளையோடும் காட்டிவிடும். சாட்சிக் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் கீழேயுள்ள பெயர்களையும் விடக் கூடாது. மைத்துனர்கள் அங்கேதான் நிற்பார்கள்.

பழைய ஆவணங்களில் தமிழ் எண்களும், நாள், மாதம், வருடம், ரூபாய் ஆகியவற்றிற்குரிய குறிகளும் வரும். வரித்துறை ஏடுகளில் பசலி ஆண்டு வரும். அதனோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் கொல்லம் ஆண்டு வரும். அதனோடு 824-ஐக் கூட்ட வேண்டும். ஆண்டின் பிற்பகுதி மாதங்களானால் ஒன்று மிகும். அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. தாது வருடம் 1816-இலும் வந்தது, 1876-இலும் வந்தது, 1936-இலும் வந்தது.

ஒன்றை மறக்கலாகாது. நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தின் கிரயத்தைப் பதிவது அன்று கட்டாயமன்று. எனவே ஏழைகளின் சிறு துண்டு நிலங்கள் பல, பதிவுப் புத்தகத்தில் ஏறவேயில்லை. அத்தகையோர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் உள்ள நிலவரித்திட்டப் பதிவேடுகளையும், 1858-க்குப் பின் அமைந்த இனாம் விசாரணை ஏடுகளையும் பார்ப்பது நன்று.

ஒரு வயலின் வழக்கு

நாம் பணியாற்றிய ஊர் ஒன்றில் இரு குடும்பங்கள் மூன்று தலைமுறைகளாகப் பேச்சுவார்த்தையின்றி இருந்தன. இருவரும் உடன்பிறந்த இரு சகோதரரின் வழிவந்தோர். "மூத்தவர் எங்கள் பாட்டனாரின் வயலை ஏமாற்றி எடுத்துக்கொண்டார்" என்பது இளைய கிளையாரின் குறை. திருவிழாத் தேருக்கு எதிர்எதிர் வடம் பிடிக்கும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. இளைய கிளையைச் சார்ந்த ஓர் ஆசிரியர், உண்மையைக் கண்டறிவோம் என்று முன்வந்தார்.

பதிவுப் புத்தகத்தில் முதலில் கிடைத்தது, பசலி 1286-இல் சகோதரர் இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த ஈட்டுப் பத்திரம். பஞ்சத்தில் விதைக்கும் சோற்றுக்கும் கடன் வாங்கியிருந்தனர். அடுத்துக் கிடைத்தது, அந்தக் கடனைத் தீர்க்க வயலை விற்ற கிரயப் பத்திரம். அதில் மூத்தவர் ஒருவரே தமக்காகவும், இறந்துபோன தம்பியின் மைனர் மகனுக்காகவும் கைநாட்டு வைத்திருந்தார். 'இறந்துபோன' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோயிலின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினோம். 1877-இல், ஒரு மாதத்திற்கும் குறைந்த காலத்தில், தம்பியும் அவர் மனைவியும் இரு குழந்தைகளும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தனர். எஞ்சிய சிறுவனின் திருமுழுக்குப் பதிவில் ஞானத்தந்தையாக நின்றவர் பெரியப்பாவே. பல ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய திருமணப் பதிவில் தந்தையின் இடத்தில் நின்றவரும் அவரே.

இத்துடன் முடிந்திருந்தால் கதை இனிதாக இருக்கும். ஆசிரியர் மேலும் தேடினார். விற்ற வயலில் ஒரு பாதியை மூத்தவர் பிற்காலத்தில் திரும்ப வாங்கியிருந்தார். தம் பெயருக்கு மட்டும் வாங்கியிருந்தார். வளர்ப்பு மகனுக்குப் பங்கில்லை. ஆகவே இளைய கிளையாரின் குறை முழுப்பொய்யன்று; மூத்தவர் திருடரும் அல்லர். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு உயிரும் சோறும் மனைவியும் கொடுத்த ஒருவர், நிலத்தைக் கொடுக்க மறுத்தார் அல்லது மறந்தார்.

இரு வீட்டு மூத்தவர்களும் பங்கு அலுவலகத்தில் அமர்ந்து அந்த நான்கு அடக்கப் பதிவுகளையும் வாசிக்கக் கேட்டனர். வயலைப் பற்றி எந்த உடன்பாடும் அன்று ஏற்படவில்லை. அந்த நிலம் எப்போதோ பிறர் கைக்குப் போய்விட்டது. ஆனால் மூத்த கிளையின் பெரியவர், "எங்கள் வீட்டில் இந்த நான்கு பேரைப் பற்றி யாரும் சொன்னதில்லை, சாமி" என்றார். அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் திருப்பலிக்கு அந்நால்வரின் பெயரையும், வளர்த்தெடுத்த பெரியப்பாவின் பெயரையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தனர். இரு வீட்டாரின் பணமும் அதில் இருந்தது.

கடல் கடந்தோர்

பதிவேட்டில் காணாமற்போன எல்லாரும் இறந்தவர் அல்லர். மொரீசுக்கு 1834 முதலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதலும் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்த முதற்கப்பலாகிய 'துரூரோ' சென்னையிலிருந்தே புறப்பட்டது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவை எழுதப்பட்டு இன்றளவும் பேணப்படுகின்றன. ஊரில் ஒரு குடும்பத்தின் திருமுழுக்குப் பதிவு நின்றுபோன ஆண்டும், கப்பல் பட்டியலில் அவ்வூர்ப் பெயர் தோன்றும் ஆண்டும் ஒத்துவருமாயின் தேடலுக்கு வழி திறக்கும்.

புதுவையைச் சார்ந்தோருக்கு வேறொரு குறிப்பு. 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி, தம் பழைய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் புதிய குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டனர். அவ்வாண்டுக்கு முன் அக்குடும்பத்தை அப்பெயரில் தேடினால் கிடைக்காது.

எதற்காகத் தேடுகிறோம்?

சாதிப் பெருமையை நாட்டுவதற்காகத் தேடுவோர் சிலர் உண்டு. பழைய பத்திரங்களிலும் பதிவேடுகளிலும் சாதி எழுதப்பட்டிருப்பது உண்மையே. கல்லறைத் தோட்டங்களிலும் கோயில்களிலும் கூடச் சுவர் எழுப்பிய வெட்கத்தையும் அவை சொல்கின்றன. அதைக் கிளறி மகிழ்வதற்கு அந்தப் புத்தகங்கள் எழுதப்படவில்லை. புனித மத்தேயு நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையை எழுதியபோது தாமாரையும் இராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் விலக்கிவிடவில்லை. பாவமும் அந்நிய இரத்தமும் அந்த அட்டவணையில் உண்டு. மீட்பர் அதன் வழியாகவே வந்தார்.

மற்றொரு செய்தி நெஞ்சைத் தொடுவது. 1843-ஆம் ஆண்டின் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காதபடி செய்யும்வரை, நிலத்தோடு ஆட்களையும் விற்ற ஓலைகள் நம் நாட்டில் எழுதப்பட்டன. ஆகவே நம்முள் சிலரின் முன்னோர், பிறருடைய கிரயப் பத்திரத்தில் சொத்தாகவே எழுதப்பட்டிருக்கக் கூடும். அதே மனிதர் திருமுழுக்குப் புத்தகத்தில், பெயரோடும் தாய் தந்தையரோடும் ஞானப்பெற்றோரோடும், கடவுளின் பிள்ளையாக எழுதப்பட்டிருப்பார். ஊர் விலை எழுதிய இடத்தில் திருச்சபை பெயர் எழுதியது. அந்தப் பெயர் அழிய விடலாமா?

அழிந்துகொண்டுதான் இருக்கிறது. கறையானும் ஈரமும் பழைய மையின் காரமும் தாள்களைத் தின்கின்றன. 1997-இல் திருச்சபையின் பண்பாட்டுச் செல்வங்களுக்கான பாப்பரசரின் ஆணையம், திருச்சபை ஆவணக் காப்பகங்களின் மேய்ப்புப் பணியைப் பற்றி ஆயர்களுக்குச் சுற்றுமடல் விடுத்தது. அலமாரி வாங்குவதும், இலைமறைவாகக் கிடக்கும் பழைய ஏடுகளைப் பட்டியலிடுவதும் பங்குப்பேரவை செய்யக்கூடிய எளிய பணிகள். தேடிவரும் குடும்பத்தார் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முன்கூட்டி நாள் கேட்டு வருக. உலர்ந்த தூய கையால் ஏட்டைப் புரட்டுக. எதனையும் கோடிடவோ திருத்தவோ வேண்டாம். படமெடுக்குமுன் பங்குத்தந்தையின் இசைவைப் பெறுக. அண்மைக் காலத்துப் பதிவுகள் உயிரோடிருப்போரின் மானத்தைச் சார்ந்தவை. அவற்றைக் காட்டும்படி வற்புறுத்த வேண்டாம். பழைய பதிவிலும் ஒரு குழந்தையின் தந்தை பெயர் இல்லாதிருக்கக் கண்டால், அதை ஊர்ப்பேச்சாக்காமல் அன்பால் மூடுக.

அன்புள்ள குடும்பத் தலைவர்களே, இந்த ஞாயிறு மாலை செபமாலைக்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வீட்டின் மூத்தவர் சொல்லச் சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதட்டும். பாட்டனார், அவர் தந்தை, அவர் மணந்த பெண், அவள் பிறந்த ஊர் என்று தெரிந்தவரை எழுதித் தேதியும் இடுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். அந்த வெற்றிடங்களுள் ஒன்றையேனும் அடுத்த நவம்பருக்குள் நிரப்பி, அந்தப் பெயரைத் திருப்பலிச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள்.